முன்பாதி நான், பின்பாதி உங்கள் தங்கை

மரியாதைக்குரிய மச்சான், பள்ளிப்பட்டு குப்புராஜ் அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து தங்கள் தங்கை அஞ்சம்மாளின் புருஷன் மணவாளன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். அங்கு தாங்களும், சுமலதா அக்காவும், மருமகன் அன்புசெல்வனும், கறவை மாடுகளும், கிணற்று மோட்டாரும் குறைவில்லாமல் இருக்கத் திருத்தணி முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன மழையில் சாய்ந்த நெல் தேறியதா என்று எழுதவும். வெயில் இப்போதே ஏறிவிட்டது, மதியத்தில் களத்துப் பக்கம் போக வேண்டாம். மரியாதை எல்லாம் செய்துவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசினால் தீருகிற விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். பேச விட்டீர்களா? நேற்று நான் "மச்சான்" என்று வாயைத் திறந்ததுமே, "ஞாயித்துக்கெழம வேன் எடுத்துகினு வரேன், என் தங்கச்சி துணிமணிய மூட்ட கட்டி வை, நீ ஒண்ணும் பேசாத" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால், நீங்கள் அதை நெல் கொள்முதல் செய்கிற இடத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற ஆள். போன தடவை என் மூல வியாதி பள்ளிப்பட்டு முழுக்கத் தெரிந்தது அப்படித்தான். அதனால் கடிதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்ந்துவிடும் என்று கூரியர்காரன் சத்தியம் செய்கிறான். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான் மச்சான், அஞ்சம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் பிள்ளை அன்புசெல்வன் வந்துபோன கதையை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன், அவன் உங்களிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை, ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்க வந்தான். கட்டில் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அத்தே, நீ ஒண்ணும் பயப்படாத, எமர்ஜென்சி..." என்று ஆரம்பித்தான். எமர்ஜென்சி என்றால் ஒரு போன் போடு, ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறான். பாவம், அத்தை கிடக்கிற கிடையைப் பார்த்து நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த இடைவெளி போதாதா! உங்கள் தங்கை கையை வாசல் பக்கம் நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி "எக்ஸிட்!" என்று கத்தினாள். அதுவும் இடது கையை நீட்டி. வலது கை விழுந்துபோனவள் வேறு எந்தக் கையை நீட்டுவாள்? பையன் வெளிறிப்போனான். "இன்னா மாமா, அத்த என்ன வெளிய போவச் சொல்லுது?" என்றான். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறான். கூடத்தில் "சேஃப்டி ஃபர்ஸ்ட்" போர்டு, குளியலறை வாசலில் "வெட் ஃப்ளோர்" போர்டு, அடுப்படி நிலைக்கு மேலே மண்டையோடு போட்ட "டேஞ்சர் ஜோன்" போர்டு. என்னோடு வேலை செய்த மோகன்ராஜ், கழித்துப் போட்ட பழைய போர்டுகளை மில்லில் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து மாட்டியவை அவை. அன்புசெல்வன் மண்டையோட்டைப் பார்த்துவிட்டு நான் வைத்த சாம்பாரைத் தொடாமலே பஸ் ஏறிவிட்டான். சாம்பார் விஷயத்தில் மட்டும் அவன் பிழைத்தான். ஆனால் ஊருக்கு வந்து, மாமா வீட்டை ஃபாக்டரி ஆக்கிவிட்டார், படுத்த படுக்கையாக இருக்கிற அத்தையை ஷிஃப்ட் பார்க்க வைக்கிறார், வந்தவர்களை இங்கிலீஷில் துரத்தச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லியிருக்கிறானே, அது நியாயமா?

அவள் ஏன் எக்ஸிட் என்றாள் என்பதற்கு நான் மில் கதையிலிருந்து வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பி உருட்டுகிற மில்லில் நான் ஷிஃப்ட் மேஸ்திரியாக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கையைக் காலைப் பார்த்து வேலை செய்யுங்கள் என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் ஒடிசாக்காரனுக்குப் புரியாது, இந்தியில் சொன்னால் எனக்கே புரியாது, சூளூர்ப்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தெலுங்கில் சந்தேகம் கேட்பார்கள். கடைசியில் ஆபீஸில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இங்கிலீஷ், ஒரு தடவைக்கு ரெண்டே சொல். முதல் சொல்லை மேஸ்திரி கத்த வேண்டும், ரெண்டாவது சொல்லை வரிசை மொத்தமும் திருப்பிக் கத்த வேண்டும். நான் "சேஃப்டி" என்பேன், அவர்கள் "ஃபர்ஸ்ட்" என்பார்கள். நான் "ஹை", அவர்கள் "வோல்டேஜ்". நான் "ஹாட்", அவர்கள் "மெட்டல்". "எமர்ஜென்சி" என்றால் "எக்ஸிட்" என்று கத்துவதோடு கையையும் வாசல் பக்கம் நீட்ட வேண்டும். வாயில் ஊறிவிட்டால் ஆபத்து நேரத்தில் மூளை யோசிக்காமலே கால் ஓடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை, பல பேர் அதனால் தப்பித்திருக்கிறார்கள்.

எனக்குத்தான் அது பெரிய பேஜாராகப் போயிற்று. எட்டாம் வகுப்போடு நின்றவன், அத்தனை பேர் முன்னால் சொல்லை மாற்றிக் கத்தினால் மானம் போகும். அதனால் தினம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பின்கட்டில் நின்று ஒப்பித்துப் பார்ப்பேன். அஞ்சம்மா அடுப்படியில் நாஷ்டா செய்துகொண்டிருப்பாள். நான் "சேஃப்டி" என்று இழுத்துக்கொண்டு அடுத்ததை யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து "ஃபர்ஸ்ட்டு! அப்பால நாஷ்டா!" என்று குரல் வரும். நான் "ட்ரிங்கிங்" என்றால் அவள் "வாட்டரு! பானையில கீது, மொண்டுக்கோ!" என்பாள். இங்கிலீஷில் தன் பேரைக்கூட எழுதத் தெரியாதவள், என்னைவிட முன்னால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள். நான் ரிடையர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கத்துவதற்கு வரிசை இல்லை, கேட்பதற்கு மேனேஜர் இல்லை, ஆனாலும் காலையில் ஒரு ரவுண்டு ஓடிவிடும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது இல்லாவிட்டால் பொழுது விடியாது.

இந்த இங்கிலீஷ் சொற்களைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை உண்டு மச்சான். வோல்டேஜுக்கு "ஹை" தான் சேரும். "பிக் வோல்டேஜ்" என்று சொல்லிப் பாருங்கள், எலெக்ட்ரீஷியன் சிரிப்பான். மழைக்கு "ஹெவி", டீக்கு "ஸ்ட்ராங்". டீக்கடையில் போய் ஹெவி டீ கேட்டால் கடைக்காரன் முழிப்பான், ஸ்ட்ராங் ரெயின் என்று சொன்னால் எங்கள் பெண் நர்மதா திருத்துவாள். அர்த்தம் ஒன்றுதானேம்மா, ஏன் மாற்றிச் சொல்லக் கூடாது என்று கேட்டேன். திருநின்றவூரிலிருந்து தினம் ரயில் ஏறிப் பட்டணத்தில் போய் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள், அவளுக்கே தெரியவில்லை. "அது அப்டித்தாம்பா, ஜோடி ஜோடியா வரும், மாத்திச் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். யார் பொருத்தம் பார்த்தார்கள், எந்தத் தரகர் முடித்துவைத்தார், ஒன்றும் தெரியாது. கூடவே இருந்து இருந்து ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று தானாக வந்து நிற்கிறது. உங்கள் நைனாவும் என் அப்பாவும் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பேசி எங்கள் கல்யாணத்தை முடித்த மாதிரிதான். வேறு இடத்தில் கொடுத்திருந்தால் அவள் இன்னும் நன்றாக இருந்திருப்பாளோ என்னவோ, ஆனால் அஞ்சம்மா என்றால் மணவாளன் என்று ஆகிவிட்டது.

போன கார்த்திகையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்ததும், ஆஸ்பத்திரியில் நாம் எல்லோரும் நின்றதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்ததுதான் தெரியாது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்றார்கள். காது கேட்கிறது, நாம் சொல்வது கொஞ்சம் கொஞ்சம் புரிகிறது, ஆனால் பதில் சொல்ல வாய் வருவதில்லை. உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்ப்பாள், வெறும் காற்றுதான் வரும். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும். "இன்னாங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டு என் உயிரை வாங்கியவள் மச்சான். அப்போதெல்லாம் "இன்னா இப்போ?" என்று எரிந்து விழுவேன். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் வார்டில் தரை துடைக்க வந்தவர் மஞ்சள் போர்டைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பழக்க தோஷம், நான் என்னை அறியாமல் "வெட்..." என்றேன். "ஃப்ளோர்!" என்று கட்டிலிலிருந்து குரல். நான் துள்ளிய துள்ளலில் குளுக்கோஸ் ஸ்டாண்டு சாய்ந்து, தரை துடைக்கிறவர் அதைப் பிடிக்கப் போய், துடைத்த தரையிலேயே வழுக்கி விழுந்து, நர்ஸம்மா ஓடிவந்து என்னைத் திட்டி, ஒரே களேபரம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. "சேஃப்டி" என்றேன். "ஃபர்ஸ்ட்" என்றாள். "ஹாட்" என்றேன். "மெட்டல்" என்றாள். அந்த வார்டில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெபா என்கிற பெண் வந்து பார்த்துவிட்டு, சில பேருக்குத் தானாக யோசித்துப் பேசுவது போய்விட்டாலும், பழகிப்போனது மட்டும் மிஞ்சும் என்றாள். பாட்டு மிஞ்சலாம், எண்ணிக்கை மிஞ்சலாம், யாருக்கு எது மிஞ்சும் என்று சொல்ல முடியாதாம். தமிழில் எல்லாம் முயன்று பார்த்தோம். ஒன்று, ரெண்டு என்றோம், ஒன்றும் வரவில்லை. "திருத்தணி முருகனுக்கு..." என்று சொல்லிவிட்டு, அரோகரா வந்துவிடும் என்று கும்பிட்ட கையோடு காத்திருந்தேன். வரவில்லை. முருகன் பேர் வராத வாயில் மில் போர்டு வருகிறதே என்று சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. போர்டுகளைக் கண் முன்னால் மாட்டி வைத்துப் பேசிப் பாருங்கள், ஏதாவது பிடித்துக்கொண்டு மேலே வரலாம் என்று ஜெபாதான் சொன்னாள். அன்புசெல்வன் பார்த்த ஃபாக்டரி இதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு பட்ட பாட்டையும் கேளுங்கள். எதிர் வீட்டு முத்தம்மா ஒரு நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, "அக்காவுக்கு எல்லாம் இந்த ஹை..." என்று பெருமூச்சு விட்டாள். பிபி என்று முடிக்க வந்தவள். அதற்குள் உங்கள் தங்கை "வோல்டேஜ்!" என்றாள். இரும்புக் கட்டில் வேறு. "ஐயோ கட்டில்ல கரண்ட் பாயுதே!" என்று கஞ்சியை என் மேல் கொட்டிவிட்டு முத்தம்மா ஓடிப்போய் எங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கி, அவள் வீட்டு ஃபியூஸையும் பிடுங்கி, பக்கத்து வீட்டில் போய் சத்தம் போட்டு, தெருவே வாசலில் கூடிவிட்டது. அன்றிலிருந்து முத்தம்மா கஞ்சியை வாசல்படியில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள், உள்ளே வருவதில்லை. காபி கொடுப்பதிலும் இதே கஷ்டம். "ஹாட் காபி" என்று ஒரு புது ஜோடி பழக்கலாம் என்று ஆசைப்பட்டு, டம்ளரை நீட்டி "ஹாட்..." என்றால் "மெட்டல்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பழுக்கக் காய்ந்த இரும்பை எவள் குடிப்பாள்? ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்த சொல்லை இன்னொருத்தனுக்குக் கொடுக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

நர்மதா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளும் முயற்சி செய்வாள். நாங்கள் மில்லில் கத்தாத ஜோடிகளையும் அவள் சொல்லிப் பார்த்தாள். "ட்ரூ" என்றாள், லவ் வரும் என்று. அம்மா பேசாமல் பார்த்தாள். "ப்ரோக்கன்" என்றாள். அஞ்சம்மா "பெல்ட்" என்றாள், பெல்ட் அறுந்தால் உடனே மெஷினை நிறுத்த வேண்டும் என்பது மில் பாடம். கடைசியில் நர்மதா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "லைஃப்..." என்றாள். பார்ட்னர் என்று வராதா என்று எனக்கும் ஒரு நப்பாசை. அஞ்சம்மா "லைன்" என்றாள். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன் இடுப்பில் கட்டிக்கொள்கிற கயிறு, மச்சான். ஒரு முனை அவன் இடுப்பில், இன்னொரு முனை அசையாத ஏதாவது ஒன்றில் கட்டியிருக்க வேண்டும். பார்ட்னர் வரவில்லையே என்று நர்மதாவுக்கு வருத்தம். எனக்கு இது போதும் என்று இருந்தது.

ஒரே ஒரு ஜோடியை மட்டும் நான் இப்போது சொல்வதில்லை. ஒரு நாள் காலை ரவுண்டில் வழக்கம்போல "நைட்" என்றேன். "ஷிஃப்ட்" என்றாள், சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். எத்தனை சமாதானம் சொல்லியும் நிற்கவில்லை. நர்மதா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நான் மாதக்கணக்காக நைட் ஷிஃப்டில் இருந்தேன், அப்போது ரயில் பாதை ஓரத்தில் குடியிருந்த வீட்டில் இவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தனியாகக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் நினைத்தாளா, வேறு ஏதாவதா, அவள் சொன்னால்தானே தெரியும்? அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

இது பேச்சே இல்லை, எதிரொலிதான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஜெபா பக்குவமாகச் சொல்லிவிட்டாள். எனக்கும் தெரியும் மச்சான், நான் முட்டாள் இல்லை. தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் "ட்ரிங்கிங்" என்றால் "வாட்டர்" என்றுதான் சொல்வாள். ஆனால் சொல்கிற தினுசில் வித்தியாசம் இருக்கிறது. தாகம் என்றால் கடைசி எழுத்தைக் கடித்துத் துப்புவாள். வேண்டாம் என்றால் சும்மா விடுவாள். என் மேல் கோபம் என்றால் "ஃபர்ஸ்ட்" என்பதை அப்படியே என் முகத்தில் எறிவாள். உடம்பு வலித்தால் எல்லாமே முனகலாக வரும். நேற்று நான் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவள் "மெட்டல்" என்று சொன்ன சொல்லில் அத்தனை ஏச்சும் இருந்தது. நாங்கள் சண்டை போடுகிறோம், சமாதானம் ஆகிறோம், எல்லாம் அந்தப் பத்துப் பதினைந்து போர்டுக்குள்தான். வேறு யாருக்கும் இது புரியாது, புரிய வைக்கவும் என்னால் ஆகாது.

இப்போது சொல்லுங்கள், அவளைப் பள்ளிப்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? நீங்கள் எல்லோரும் அவளைத் தங்கமாகத் தாங்குவீர்கள், சந்தேகமில்லை. சுமலதா அக்கா ஊட்டிவிடுவார், அன்புசெல்வன் தூக்கி உட்கார வைப்பான், சொந்தக்காரர்கள் வந்து தமிழில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆனால் "சேஃப்டி" என்று சொல்ல அங்கே ஆள் ஏது? முன்பாதியைச் சொல்கிறவன் இல்லாவிட்டால் பின்பாதி எப்படி வரும்? அவள் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நீங்கள் அதை அமைதி என்று நினைத்துக்கொள்வீர்கள். அது தவிர ஊத்துக்கோட்டைப் பக்கம் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, வேன் குலுக்கலில் அவள் உடம்பு தாங்காது. உங்கள் வீட்டில் கழிப்பறை களத்தைத் தாண்டி இருக்கிறது. கிணற்று மோட்டார் சத்தத்தில் நல்ல உடம்புக்காரனுக்கே தூக்கம் வராது. சுமலதா அக்கா சமையலில் ஆந்திராக் காரம், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் கூடப் போய் இருங்களேன் அப்பா என்று நர்மதா ஒரு யோசனை சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். "மாமனார் ஊட்ல போயி குந்திகினு சோறு துன்றதுக்கா இத்தினி வருஷம் இரும்புச் சூட்ல வெந்தேன்?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் வீட்டில் ரெண்டு வேளைக்கு மேல் கை நனைக்காதவன் நான். மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஆகவே வேனுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடவும். தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சாம்பார் கடையில் வாங்கிவிடுகிறேன். பேச்சின் நடுவில் மட்டும் நிறுத்த வேண்டாம்.

அன்புசெல்வனுக்கு என் ஆசீர்வாதம், அத்தைக்கு அவன் மேல் ஒரு கோபமும் இல்லை என்று சொல்லவும். சுமலதா அக்காவுக்கு வணக்கம். நிலமும் மாடும் செழித்து, வீட்டில் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டும்,

தங்கள் தங்கை புருஷன்,
மணவாளன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். இத்தனை பக்கம் எழுதிவிட்டு மனசு வரவில்லை. படித்துவிட்டு மறந்துவிடுங்கள். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்குத் தெரியாமல் அனுப்புவது முறையில்லை என்று, உறையில் போடும் முன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். "மரியாதைக்குரிய மச்சான், பள்ளிப்பட்டு" என்று படித்தபோது மூக்குக் கண்ணாடி நழுவியது. அதைச் சரி செய்ய நிறுத்தினேன்.

"குப்பண்ணே" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள் மச்சான். தமிழில். இன்னொரு தடவை "பள்ளிப்பட்டு" என்றேன். மறுபடியும் "குப்பண்ணே". சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சின்னப் பெண் மாதிரி இருந்தது. உடனே எனக்கும் ஆசை வந்து "கும்மிடிப்பூண்டி" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அஞ்சம்மா" என்று சொல்லிக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கூட இருந்து கஞ்சி ஊற்றுகிறவன் நான், வார்த்தை உங்களுக்கா என்று கோபித்துக்கொண்டு போய் வாசல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் அவளோடு சேர்ந்து பழகிய பேர் உங்களுடையது. அது உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த ஊரில், அந்த வீட்டில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ, யார் கண்டது? நான் தடுத்தால் அது பாவம்.

வேன் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊத்துக்கோட்டை ரோடு அவ்வளவு மோசமில்லை, மோகன்ராஜிடம் விசாரித்தேன். மோட்டார் சத்தம் பழகிவிடும். களத்தைத் தாண்டி நான் தூக்கிக்கொண்டு போகிறேன். சுமலதா அக்கா எவ்வளவு காரம் போட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் பள்ளிப்பட்டு என்று சொல்லுங்கள், நான் சேஃப்டி என்று சொல்கிறேன், அவளுக்கு எது வருகிறதோ வரட்டும். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டால் எனக்குப் போதும்.

நீங்கள் சொன்னபடி துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ரெண்டு மூட்டை இருக்கிறது.